கந்தமாதனம் ஏற எந்தக் காற்று நல்லது?

தேனிப் பக்கம் மலையடிவார ஊர் ஒன்றில் வளர்ந்த என் தாய்மாமாவை ஓர் ஆடி மாதம் கந்தமாதன பர்வதத்துக்கு அழைத்துப் போனேன். ராமேஸ்வரம் கோயிலிலிருந்து வடமேற்கே சுமார் 3 கிலோமீட்டர். சாட்சி அனுமன் கோயிலையும் சுக்ரீவ தீர்த்தத்தையும் கடந்து, சாலை தெரிந்தும் தெரியாமலும் உயர்ந்துகொண்டே போய்ப் படிகளில் முடிகிறது. படியேறினால் இரண்டடுக்கு மண்டபம், உள்ளே ராமர் பாதம். மாமா தூணைப் பிடித்தபடி நாலாபக்கமும் பார்த்துவிட்டு, "பர்வதம் எங்கே மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

"அதன் உச்சியில்தான் நிற்கிறோம் மாமா."

அவர் கேலி பேசுகிறவர் அல்லர். உண்மையாகவே தேடினார். மலை என்றால் விடியுமுன் புறப்பட்டு, நடுவழியில் ஓடைத் தண்ணீர் குடித்து, உச்சி வெயிலுக்குள் மேலே சேர்வது என்று பழகியவர். ஒரு மணற்குன்றைப் பர்வதம் என்று இந்தத் தீவு ஏன் கொண்டாடுகிறது என்று அவருக்கு அன்று விளக்க முடியவில்லை. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று பேசவிடவில்லை. அந்த விளக்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உயரத்தின் கணக்கு. கண் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்பது கிடைக்கும். கடற்கரையில் நிற்கும் ஒருவருக்கு அது சுமார் நாலரைக் கிலோமீட்டர். அவர் 20 மீட்டர் உயரத்துக்கு ஏறினால் 16 கிலோமீட்டர் ஆகிவிடும். பார்வையில் விழும் பரப்பு பன்னிரண்டு மடங்குக்கு மேல் விரிகிறது. இதே 20 மீட்டரை மாமா ஊரில், ஏற்கெனவே 1,000 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஒருவர் ஏறினால் அவருடைய தொடுவானம் ஒரே ஒரு கிலோமீட்டர்தான் தள்ளிப்போகும். அதையும் எதிர்மலை மறைத்துவிடும். ஆக, மேட்டின் மதிப்பு அது எந்தத் தரையில் எழுந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ராமநாதபுரம் கரை முழுவதும் கண்மாய்க் கரையைத் தவிர ஏறி நிற்க மேடில்லாத பூமி. தீவில் 323 மீட்டர் உயரத்துக்குத் தொலைக்காட்சிக் கோபுரம் நிற்கிறது. அதில் நாம் ஏற முடியாது. ஏற முடிந்தவற்றில் தீவிலேயே உயர்ந்த நிலம் கந்தமாதனம்தான். அங்கே நின்றால் வடக்கே பாக் நீரிணைப் பக்கத்துக் கடல் காலடியில் இருப்பதுபோல் தெரியும். தெற்கே கோயில் கோபுரங்களுக்கும் பனந்தோப்புகளுக்கும் அப்பால் மன்னார் வளைகுடா ஒரு கோடாக மின்னும். ஒரே இடத்தில் நின்று இரண்டு கடலின் முகத்தையும் படிக்கக் கிடைப்பது பெரிய காரியம். தீவில் அன்றைக்கு எந்தக் கரையில் நடக்கலாம் என்பதை அந்த இரண்டு முகங்களே சொல்லிவிடும்.

நான் நடை என்று சொல்வது குன்றோடு முடிவதில்லை. காலையில் கந்தமாதனம் ஏறிக் கடலைப் பார்த்துவிட்டு, முகுந்தராயர் சத்திரம் போய், அங்கிருந்து தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனை வரை நடப்பது முழு நாள் நடை. சத்திரத்திலிருந்து முனைவரை சாலைக்கணக்கில் 9.5 கிலோமீட்டர். 2017 இல் இந்தச் சாலை திறக்கப்படும்வரை மணலில் தடம் பிடித்து ஓடும் வேன்களை விட்டால் கால்தான் வண்டி. இப்போது பஸ்ஸே முனைவரை போகிறது. நடந்து போனவர் திரும்பும்போது அதில் ஏறிக்கொள்ளலாம். ஆனால் வண்டியில் வந்து, முனையில் படம் எடுத்துக்கொண்டு அரைமணியில் திரும்புகிறவர்களுக்கு இந்த நிலம் எல்லா மாதமும் ஒன்றுபோலவே தெரியும். நடக்கிறவருக்கு அப்படித் தெரியாது. ஆடியில் நடந்த வழியில் தையில் போய் நின்றால் வேறு தீவுக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும்.

நம் அகப்பொருள் இலக்கணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. குறிஞ்சி நிலத்துக்குக் கூதிரும் முன்பனியும் ஆகிய இரண்டு பெரும்பொழுதுகளே சொல்லப்பட்டிருக்கின்றன. நெய்தலுக்கு ஆறு பெரும்பொழுதும் உண்டு. மலைக்கு இரண்டு, கடற்கரைக்கு ஆறு. காதலைப் பற்றிய இலக்கணம் அது, வானிலைக் குறிப்பு அன்று என்பது தெரியும். ஆனாலும் இந்தக் கரையில் ஆண்டு முழுவதும் நடந்தவர்களுக்கு அந்த ஆறு என்ற கணக்கு மெய்யாகப் படும். மலையில் பருவம் பெரும்பாலும் உயரத்தோடு கூடி வருகிறது. 100 மீட்டர் ஏற ஏறச் சுமார் 0.65 டிகிரி வெப்பம் குறைகிறது. சித்திரையிலும் மேலே போனால் குளிரைத் தேடிக்கொள்ளலாம். இங்கே தேடிக்கொள்ள மேலே இடமில்லை. வெயிலும் புழுக்கமும் மழையும் தெளிவும் காற்று கொண்டுவந்தால்தான் உண்டு. மாமாவின் மலைக்கு உயரம் எதுவோ, எங்கள் கரைக்குக் காற்று அது.

அதனால்தான் இங்குள்ள மீனவர்கள் ஆண்டை மாதத்தைவிடக் காற்றால் பிரிக்கிறார்கள். தென்மேற்கிலிருந்து அடிப்பது கச்சான். தெற்கிலிருந்து வருவது சோழகம். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். வடக்கு, வடகிழக்கிலிருந்து வருவது வாடை. ஊருக்கு ஊர் இந்தத் திசைகள் சற்று விலகும், ஆனால் பெயர்கள் இவைதாம். இலக்கணத்தின் கார்காலம் ஆவணியும் புரட்டாசியும். அந்த மாதங்களில் ராமநாதபுரம் வானம் பெரும்பாலும் வெறிச்சென்றுதான் கிடக்கும். தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொண்டு வறண்ட காற்றையே இந்தப் பக்கம் அனுப்புகிறது. இங்கே மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். மாமா வீட்டு மலை குடித்துவிட்டு மிச்சம் வைத்த காற்றுதான் எங்கள் கச்சான் என்று ஒருமுறை அவரிடம் சொன்னேன். வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு கடல்களைப் பற்றி இங்கு எல்லோரும் சொல்லும் ஒரு வழக்கு உண்டு. வடகடல் பெண் கடல், தென்கடல் ஆண் கடல் என்பார்கள். வடக்கே அலையில்லாத குளம்போன்ற கடல், தெற்கே ஆர்ப்பரிக்கும் கடல். சுற்றுலா வருகிறவர்கள் இதைக் கேட்டுக்கொண்டு போய் அப்படியே நம்பிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். மார்கழியில் வாடை முறுகி அடிக்கும் நாளில் வடகரையில் போய் நின்று பார்த்தால் மீதிப் பாதி விளங்கும். சேறு கலங்கிய கடல் அடுத்தடுத்து அலையெறிந்துகொண்டிருக்கும். அதே நேரத்தில் தென்கடல் பச்சைக் கண்ணாடியாய்க் கிடக்கும். நாட்டுப்படகுக்காரர்களும் கரைவலை இழுப்பவர்களும் இதை அறிந்துதான் காற்றுக்கேற்பக் கரை மாறித் தொழில் செய்கிறார்கள்.

காரணம் எளிது. அலையின் அளவு காற்றின் வேகத்தால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. காற்று எவ்வளவு நீளமான நீர்ப்பரப்பின்மேல் தடையில்லாமல் ஓடிவருகிறது, அந்தக் கடல் எவ்வளவு ஆழம் என்பவையும் சேர வேண்டும். மன்னார் வளைகுடாவுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடல் திறந்து கிடக்கிறது. உள்ளே போகப் போக ஆழமும் ஆயிரம் மீட்டரைத் தாண்டிவிடும். கச்சான் காலத்தில் அங்கிருந்து நீண்ட, உயர்ந்த அலைகள் தனுஷ்கோடியின் தென்கரையில் வந்து விழுகின்றன. அப்போது தீவே ஒரு கரையணையாகக் குறுக்கே கிடப்பதால் வடகடல் அதன் மறைவில் தூங்குகிறது. வாடைக் காலத்தில் வரிசை மாறும். கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடைப்பட்ட வாயில் வழியே வங்கக் கடலின் காற்று நுழைகிறது. பாக் விரிகுடா பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் அடங்கும் ஆழம். ஆழமில்லாத நீரில் அலை உயர முடியாது. அதனால் குட்டையாகவும் நெருக்கமாகவும் எழுந்து அடிமண்ணைக் கலக்குகிறது. நிறத்தை வைத்தே காற்றைச் சொல்லிவிடலாம்.

இதிலிருந்து நடப்பவருக்கு ஒரு வழி கிடைக்கிறது. காற்று எந்தக் கடலைக் கலக்குகிறதோ அதை விட்டுவிட்டு மற்றக் கரையில் நடக்க வேண்டும். ஆடியில் வடகரை, மார்கழியில் தென்கரை. நான் இதைத் தாமதமாகத்தான் கற்றேன். சத்திரத்திலிருந்து முனையை நோக்கி நடக்கும்போது முகம் தென்கிழக்கே இருக்கும். கச்சான் வலக்கன்னத்தில் அடிக்கும். வாடை இடக்கன்னத்தில் அடிக்கும். திரும்பும்போது கன்னம் மாறும். கண்ணை மூடிக்கொண்டு கூட்டிவந்து நிறுத்தினாலும் கன்னத்தை வைத்து மாதம் சொல்லலாம்.

கச்சான் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த நிலம் உருவாகும் விதத்தை நேருக்குநேர் பார்க்கும் பருவம் அது. வைகாசி கடைசியில் தொடங்கிப் புரட்டாசிவரை அடிக்கும். மணிக்கு 20 கிலோமீட்டரைக் காற்று தாண்டியதும் உலர்ந்த மணல் கிளம்பத் தொடங்குகிறது. பெருமணல் தரையோடு தரையாகத் துள்ளித் துள்ளி ஓடும். கணுக்காலில் ஊசி குத்துவதுபோல் இருக்கும். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் மணல்வெளி முழுவதும் புகையாக நகரும். சாலையின் ஓரங்களில் மணல் ஏறிக் கிடக்கும். ஒரு செடியோ கல்லோ இடிந்த சுவரோ இருந்தால் போதும், அதன் பின்னால் மணல் ஒதுங்கிச் சிறு மேடு எழும். தனுஷ்கோடியில் புயலுக்குத் தப்பி நிற்கும் சுவர்களின் அடியில் இதைப் பார்க்கலாம்.

அந்த மேட்டை மேடாக நிறுத்துவது இரண்டு தாவரங்கள். ஒன்று இராவணன் மீசை என்னும் புல். விறைத்த கூரிய இலைகள். முட்கள் சூழ்ந்த உருண்டைக் கதிர். முற்றியதும் கதிர் உடைந்து காற்றில் பந்தாய் உருண்டு போய் வேறிடத்தில் விதை இறக்கும். ராமன் பெயரைச் சொல்லி வருகிறவர்களின் காலடி மணலை அவன் எதிரியின் மீசைதான் பிடித்து வைத்திருக்கிறது. மற்றொன்று அடும்பு, இப்போது அடப்பங்கொடி என்கிறோம். மான் குளம்புபோல் பிளந்த இலை, ஊதாப் பூ. சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் மகளிர் பறித்துச் சூடிய பூ இதுதான். இந்தக் கொடியும் புல்லும் மணலில் ஓடவிட்ட வேரும் தண்டும் அறுந்தால் ஒரு கச்சான் பருவத்தில் மேடு கரைந்துவிடும். ஆகவே குறுக்குவழி என்று மேட்டின்மேல் ஏறி மிதிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் பொறுக்காது. தடம் இருக்கும் இடத்தில் மட்டும் ஏறுங்கள்.

ஆடியில் நடப்பவர்கள் கண்ணுக்குக் கண்ணாடி, தலையைச் சுற்றிக் கட்டத் துண்டு என்று போக வேண்டும். தொப்பி நிற்காது. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவைக்க ஏற்பாடு இருந்தது. ரயிலே நிற்கிற காற்றில் மனிதர் முனைக்குப் போக வேண்டியதில்லை. அன்றைக்குக் கந்தமாதன மண்டபத்தின் தூண் மறைவில் உட்கார்ந்து தென்கடலின் வெள்ளை அலைகளை எண்ணிக்கொண்டிருப்பதே போதும். மாமா வந்தது அப்படிப்பட்ட நாள்.

ஐப்பசி பிறந்ததும் காற்று தடுமாறும். சில நாள் அசையாது. சில நாள் கொண்டலாக வந்து பிற்பகலில் இடியைக் கூட்டும். இந்த நாட்களில் நடப்பதற்கு நான் சம்மதிப்பதில்லை, முக்கியமாக மதியத்துக்குப் பிறகு. மலைக்காட்டில் மின்னல் இறங்க ஆயிரம் மரம் இருக்கிறது. அரிச்சல்முனைச் சாலையில் நடக்கும்போது பல இடங்களில் நூறு மீட்டர் சுற்றளவில் மிக உயரமான பொருள் நாம்தான். குன்றின் உச்சிக்கும் அதே நியாயம். மேகம் கறுத்தால் இறங்கிவிட வேண்டும். இடி கேட்டபிறகு இறங்குவது தாமதம்.

மழையின் அளவைப் பற்றியும் வெளியூரார்க்குத் தப்பெண்ணம் உண்டு. ராமநாதபுரம் வறண்ட சீமை, இங்கே என்ன மழை பெய்துவிடும் என்பார்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் சுமார் 41 சென்டிமீட்டர் கொட்டியது. 2020 டிசம்பரில் புரெவி புயல் இலங்கையைக் கடந்து வந்து இந்தக் கரையருகே நகராமல் நின்று வலுவிழந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக 1964 டிசம்பர் 22 இரவு. தனுஷ்கோடி ஊரையும் அங்கே வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோனது அன்றுதான். அதன்பிறகு அரசு அந்த ஊரை வாழத் தகுதியற்றது என்று அறிவித்தது. தேவாலயத்தின் சுவர்களையும் ரயில் நிலையத்தின் எச்சங்களையும் கடந்து நடக்கும்போது அது மார்கழி மாதம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். வாடைக் காலத்தில் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் இந்த வழியில் அடியெடுத்து வைக்கக் கூடாது. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய செய்தி வந்தால் நடை இல்லை.

அந்த மழையே இன்னொரு அதிசயத்தையும் செய்துவிட்டுப் போகிறது. இருபுறமும் உப்புக்கடல் இருக்கும் ஒரு மணல் நாக்கில் குடிநீர் எப்படிக் கிடைக்கிறது? தனுஷ்கோடியில் மணலில் சில அடி தோண்டி, ஊறும் நல்ல தண்ணீரை அகப்பையால் முகந்து குடத்தில் ஊற்றும் பெண்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். மழைநீர் மணலில் இறங்குகிறது. கடல்நீரைவிட அது இலேசானது. ஆகவே கீழே ஊடுருவி நிற்கும் உப்புநீரின்மேல் மிதக்கிறது. நடுவில் தடித்தும் இரு கரையோரங்களில் மெலிந்தும், கவிழ்த்து வைத்த மேடுபோல மணலுக்குள் ஒரு நன்னீர்க் குவியல் நிற்கிறது. மேலே தெரியும் மணல்மேடு எவ்வளவு உயரமோ அதற்கேற்ப உள்ளே நன்னீரும் ஆழமாகத் தங்கும். மேட்டை வெட்டினால், அல்லது ஆழமாகக் குழாய் இறக்கி வேகமாக உறிஞ்சினால், உப்பு ஏறிவிடும். அதனால்தான் ஆழக் கிணறு வெட்டாமல் மேலோட்டமாகத் தோண்டி, ஊற ஊற முகக்கிறார்கள். கார்த்திகைக்குப் பிறகு இந்த ஊற்று மேலே இருக்கும். வைகாசியில் கீழே போய்விடும். நாம் நடக்கும்போது அவர்களுடைய ஊற்றில் கைவைக்காமல் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் சுமந்து போவதுதான் மரியாதை.

தை பிறந்ததும் இந்த நடைக்குரிய காலம் வந்துவிடுகிறது. மழை தூசியைக் கழுவியிருக்கும். கச்சான் காலத்தில் காற்றில் நிற்கும் உப்புப்புகையும் இராது. குன்றிலிருந்து தொடுவானம் கத்தியால் கீறியதுபோல் தெரியும். வாடை இன்னும் இருக்கும், ஆனால் முறுக்கு தளர்ந்திருக்கும். மாசியில் அதுவும் ஓய்ந்து இரண்டு கடலும் ஒன்றுபோல் அடங்கும். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு ராமேஸ்வரத்திலிருந்து படகுகள் புறப்படுவது இந்தச் சமயத்தில்தான். கடல் இடம்தரும் மாதம் அது.

கோதண்டராமர் கோயிலைச் சுற்றிய நீர்ப்பரப்பிலும் தனுஷ்கோடிச் சாலைக்கு இருபுறமும் உள்ள சதுப்பிலும் வாடைமழையின் தண்ணீர் கணுக்கால் அளவு தேங்கியிருக்கும். பூநாரைகள் வருவது அதைத் தேடித்தான். வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, நீரையும் சேற்றையும் நாக்கால் இறைத்து வடிகட்டித் தின்னும் பறவை. ஆழம் கூடினால் காலூன்றி மேய இயலாது. வற்றினால் தின்ன ஒன்றும் இராது. ஆகவே அதற்கு வேண்டியது மழை முடிந்து வெயில் முற்றாத இந்த இடைக்காலம். தமிழ்நாடு அரசு 2025 இல் தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. சாலையில் நின்று பார்த்தாலே போதுமான அளவுக்கு அவை தெரிகின்றன. படத்துக்காகச் சேற்றில் இறங்கி நெருங்கினால் முழுக் கூட்டமும் மேய்ச்சலை விட்டுப் பறக்கும். பறக்கும் அழகுக்காகவே கல்லெறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நெடுந்தொலைவு பறந்து வந்த பறவை தின்று சேர்த்த பலத்தை நாம் ஒரு நொடியில் செலவழிக்க வைக்கிறோம் என்பதை அவர்கள் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதே மாதங்களில் இரவில் ஆமைகள் கரையேறி முட்டையிடும். விடியற்காலையில் முதல் ஆளாக நடந்தால் நீரோரத்திலிருந்து மேட்டுக்குப் போய்த் திரும்பிய தடம் மணலில் கிடக்கும். வனத்துறையினர் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். தடத்தைக் கண்டால் அவர்களுக்குச் சொல்லுங்கள். நீங்கள் தோண்டிப் பார்க்காதீர்கள்.

நடையின் பக்குவத்துக்கும் இந்த மாதங்கள்தான் ஏற்றவை. உலர்ந்த மணலில் நடப்பதற்கு உறுதியான தரையில் நடப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் உழைக்க வேண்டும். கால் புதைவதும் சறுக்குவதும் அவ்வளவையும் தின்றுவிடும். ஆகவே நீரோரத்து ஈரமணலில் நடக்க வேண்டும். இங்கே ஏற்றவற்றத்தின் அளவு ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் வடகரை சரிவில்லாமல் கிடப்பதால் அந்தச் சிறிய வற்றத்திலேயே கடல் வெகுதூரம் பின்வாங்கும். காற்றும் சேர்ந்து தள்ளினால் படகுகள் தரைதட்டிச் சாய்ந்துவிடும். கடல் உள்வாங்கியது என்று செய்தி வந்து வெளியூரார் பதறுவார்கள். பெரும்பாலும் ஆழமில்லாத கடலின் இயல்பு அது. நமக்கு அன்று நடக்க அகலமான ஈரப்பாதை கிடைக்கும். முனையில் மட்டும் எந்த மாதத்திலும் நீரில் இறங்கக் கூடாது. இரண்டு கடலின் ஓட்டமும் அங்கே மோதுகிறது. காற்று மாறும்போதெல்லாம் மணலும் பக்கம் மாறிக் குவிகிறது. போன முறை நின்ற இடத்தில் இந்த முறை தண்ணீர் ஓடும்.

தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் மட்டும் நடை வைக்காதீர்கள். தீவு முழுவதும் அக்னி தீர்த்தத்துக்கு வந்தவர்களால் நிரம்பியிருக்கும். அந்த நாட்கள் அவர்களுடையவை.

பங்குனி கடைசியிலிருந்து வைகாசிவரை காற்று ஓய்ந்துகிடக்கும். ஆண்டிலேயே கடினமான நடை இதுதான். வெப்பமானியில் 35, 36 டிகிரி என்று பார்த்துவிட்டு, மதுரையைவிடக் குறைவுதானே என்று புறப்படுகிறவர்கள் பாதிவழியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். உடம்பு சூட்டைத் தணிப்பது வியர்வை உலர்வதால். கடலோரக் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது வியர்வை வழியுமே தவிர உலராது. கச்சான் அடித்தால் அந்த ஈரத்தை அள்ளிக்கொண்டு போகும். அதுவும் இல்லாத மாதம் இது. வெண்மணல் வேறு வெயிலைக் கீழிருந்து திருப்பி அடிக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலமும் ஆனதால் விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும். கடலும் வெறுமை, கரையும் வெறுமை. நடந்தே தீர வேண்டும் என்றால் நாலரை மணிக்குப் புறப்பட்டு எட்டு மணிக்குள் முடித்துவிட்டு நுங்கு விற்கும் இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். இந்தப் பருவத்துக்கு நுங்கும் பதநீரும், ஆவணியில் பனம்பழமும், தையில் பனங்கிழங்குமாகப் பனைமரம் ஆண்டை இன்னொரு விதமாகப் பிரித்துத் தருகிறது. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

நெய்தலுக்குப் பெரும்பொழுது ஆறும் என்ற இலக்கணம் சிறுபொழுதாக ஒன்றைத்தான் கொடுத்தது: எற்பாடு, சூரியன் சாயும் வேளை. கிழக்குக் கரையில் கடலில் சூரியன் எழுவதைத்தான் பெரும்பாலும் பார்க்க முடியும். இந்தத் தீவில் அது கடல்பக்கம் விழுவதையும் பார்க்கலாம், அதற்குக் கந்தமாதனத்தைவிட நல்ல இடம் இல்லை. ஆகவே இப்போதெல்லாம் நான் நடையைத் திருப்பிப் போட்டுவிட்டேன். விடியுமுன் சத்திரத்தில் தொடங்கி, முனைக்குப் போய், பஸ்ஸில் ஊருக்குத் திரும்பி, சாப்பிட்டுப் படுத்து எழுந்து, மாலையில் குன்றேறுகிறேன். காலையில் நடந்த கரையை மாலையில் மேலிருந்து பார்ப்பது தனிச் சுகம்.

சென்ற வாரம் மாமா தொலைபேசியில் கேட்டார். முழங்கால் வலி குறைந்திருக்கிறதாம். மறுபடி வரலாமா, அந்தக் காற்று இன்னும் அடிக்கிறதா என்றார்.

"தை அமாவாசை கழியட்டும் மாமா. தென்கரையில் நடக்கலாம். குடை வேண்டாம், துண்டு மட்டும் போதும்" என்றேன்.